சட்டி சுமந்த கைக்குக் கரணை

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், சுவர், குழாய், டைல்ஸ் என எல்லாம் முடித்த முழு அறைகளாகவே வீடுகள் தயாராகின்றன. கட்டட இடத்தில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். சென்ற மாதம் காலைக் கூட்டத்தில், குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டும் முறையைத் தமிழ்க் குரலுடன் ஒரு சிறு காணொளியாக டேப்லெட்டில் காட்டினார்கள். அதில் பல் வைத்த கரணையால் பசையை இழுத்து, டைல்ஸை அழுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்தவர் ஒரு பெண். சுற்றி நின்றவர்கள் பசையின் கனத்தைக் கவனித்தார்கள். எனக்கு அம்மாவின் முகம் வந்து நின்றது. அன்று முழுவதும் அகலவில்லை.

அம்மா சேலம் கன்னங்குறிச்சியில் சித்தாள். மூக்கனேரிக் கரை முதல் அஸ்தம்பட்டி வரை எத்தனையோ வீடுகளுக்குக் கலவைச் சட்டி சுமந்தவர். செங்கல் கட்டுக்குச் சிமெண்டு ஒன்றுக்கு மணல் ஆறு, மேல்தளப் பூச்சுக்கு ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். அம்மாவோ மண்வெட்டியை இழுக்கும்போதே தண்ணீர் கூடிவிட்டதா என்று சொல்லிவிடுவார். கொத்தனார் நூல் பிடிப்பதையும் தூக்குக்குண்டு விடுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தே வயதானவர். ஒரு வரிசைக் கல் வைக்கக்கூட அவர் கையில் யாரும் கரணை கொடுக்கவில்லை. பள்ளியை விட்டு வந்த என்னை, அம்மாவை வேலைக்கு வைத்திருந்த அதே மேஸ்திரி முதல் ஆண்டிலேயே பூச்சு வேலைக்கு நிறுத்தினார். நான் கற்ற தொழிலில் பாதி, இரவில் சோறு போட்டபடி அம்மா சொல்லிக்கொடுத்தது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும் கடிகாரமும், ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா சந்தையின் நெரிசலும் இயல்பாகிவிட்டன. விடுமுறை முடிந்து திரும்பினால், அறையிலிருக்கும் வங்காளதேச நண்பர் என்னை நலம் விசாரிப்பதற்கு முன்பே பையில் தட்டுவடைப் பொட்டலத்தைத் தேடிச் சிரிக்க வைப்பார். ஆனாலும் ஆடி பிறந்துவிட்டால் மனம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஓடிவிடுகிறது. மழை விட்ட காலையில் ஏற்காட்டு மலை முழுதாகத் தெரிய, அதைப் பார்த்தபடி சாரத்தில் நின்று பூசிய சுவர்கள் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. அந்த நினைவில் அம்மா எப்போதும் கீழேதான் நிற்கிறார், சட்டியுடன்.

இப்போது அண்ணி சித்தாளாகப் போகிறார். அவருக்கும் அதே நிலை வரக்கூடாது என்பதால்தான், அவரையும் உடன் வேலைக்குப் போகும் சில பெண்களையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். சிமெண்டு படிந்த விரலால் தட்டச்சு செய்வது கடினம் என்பதால் எல்லாமே குரல் பதிவுதான். யூடியூபில் காணொளிகள் நிறைய உண்டு. ஆனால் தன் கண் முன்னால் நிற்கும் சுவரைப் பற்றி அவற்றிடம் கேள்வி கேட்க முடியாது. அண்ணி கேட்கிறார். விட்ரிஃபைடு டைல்ஸையும் மேஸ்திரி ஊறப்போடச் சொல்கிறாரே, சரியா என்றார். அந்த வகை 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும், ஊறவைத்துப் பயனில்லை, வெறும் சிமெண்டுப் பாலும் அதைச் சரியாகப் பிடிக்காது, அதற்கென்று உள்ள பசைதான் வேண்டும் என்று விளக்கினேன். மற்றொரு நாள், ஒட்டிய டைல்ஸ்களைக் கரணைக் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டி அந்த ஓசையைப் பதிவு செய்து அனுப்பினார். மூன்றாவது தட்டலில், பசை சேராமல் உள்ளே வெற்றிடம் இருப்பதைக் காட்டும் பொள்ளல் சத்தம் இங்கிருந்தே எனக்குக் கேட்டது. பசை காய்வதற்குள் அதைப் பெயர்த்து, பின்பக்கம் முழுவதும் பசை தடவி மீண்டும் ஒட்டச் சொன்னேன். ஒரே பதிவைப் பத்து முறை போட்டுக் கேட்டாலும் திட்டுவதற்கு ஆளில்லை என்பதுதான் அந்தப் பெண்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கைப்பேசியால் கண்ணுக்கும் காதுக்கும்தான் கற்றுக்கொடுக்க முடியும். மணிக்கட்டின் அழுத்தம் கரணை பிடித்தால்தான் வரும். கரணையோ மேஸ்திரியின் தயவில் இருக்கிறது. தொலைபேசியில் அவரிடமே கேட்டேன். “பொம்பளைங்க கரணை புடிச்சா சட்டி யாரு கண்ணு தூக்கறது?” என்றார். கெட்ட மனிதர் அல்லர். அவருடைய கணக்கு அப்படி. இங்கே சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளி உயர்திறன் பிரிவுக்குப் போனால், அவருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி என்ற கட்டணம் குறைகிறது. ஆகவே கற்பிப்பதில் முதலாளிக்கே ஆதாயம் உண்டு. சேலத்தில் ஒரு சித்தாளைக் கொத்தனாராக்கினால் மேஸ்திரிக்குக் குறைந்த கூலி ஆள் ஒருவர் போய்விடுகிறார். இந்தக் கணக்கு மாறாதவரை எத்தனை காணொளி அனுப்பினாலும் அண்ணி பார்த்துக்கொண்டேதான் நிற்க வேண்டும் என்பது என்னை வாட்டுகிறது. மத்திய அரசு 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில், வேலையிலேயே கற்ற திறனைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு இருக்கிறது. சாரத்தடியில் நிற்கும் பெண்களிடம் அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

எங்கள் வற்புறுத்தலின் பேரில், சென்ற வாரம் ஒரு குளியலறைச் சுவரை மேஸ்திரி அண்ணியிடம் விட்டார். தட்டிப் பார்த்த ஓசையும் படங்களும் வந்தன. ஒரு டைல்ஸில்கூடப் பொள்ளல் இல்லை. அன்றைய கூலி மட்டும் சித்தாள் கூலியாகவே வந்தது. படங்களையெல்லாம் தேதி வாரியாகச் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சுவருக்குக் கூலியை முன்கூட்டியே பேசிவிட்டுத்தான் கரணையைத் தொடுவேன் என்று அண்ணி பதில் அனுப்பியிருக்கிறார்.