வண்டியோடு வந்த டயரும் கருவை முள்ளும்

தை மாதக் கடைசியில் ரோடு சைக்கிள் வீட்டுக்கு வந்தது. அலுமினியச் சட்டம், ரிம்மைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் பிரேக், 700×25சி டயர், அதாவது 25 மில்லிமீட்டர் அகலம். பார்க்க வந்த சைக்கிள் நண்பர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "முதல்ல டயரை மாத்திடு." விலையைக் குறைக்க வேண்டுமென்றால் கம்பெனிக்காரர்கள் கை வைக்கிற இடம் டயர்தான், அதைக் கழற்றி வீசிவிட்டு நல்லதாக ஒரு ஜோடி போடு என்றார்கள். நல்ல ஜோடி ஏழாயிரம் ரூபாய்க்குப் பக்கம். வண்டிக்காகச் சேர்த்த பணம் அப்போதுதான் தீர்ந்திருந்தது. சரி, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்ப்போம், டயர் என்னதான் செய்கிறது என்று எழுதி வைப்போம் என்று ஒரு நோட்டுப் போட்டேன். இப்போது 1,940 கிலோமீட்டர் ஆகிறது. அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த டயரைப் பற்றி. பின்சக்கரத்திலிருந்து கழற்றி, தெருமுனை மளிகைக் கடையின் எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 390 கிராம். ஓரத்தில் இரும்புக் கம்பி வைத்தது, அதனால் மடிக்க முடியாது. பக்கச்சுவரில் 30 டிபிஐ என்று இருந்தது. ஒரு அங்குல அகலத்தில் எத்தனை நூல் ஓடுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. முப்பது என்றால் நூல் தடிமன், இடைவெளி அதிகம், அதை ரப்பர் நிரப்புகிறது. உள்பக்கம் விரலால் தடவினால் சாக்குத் துணி மாதிரி நெருடியது. விலை கூடின டயர்களில் நூல் மெல்லிசாக, நெருக்கமாக இருக்கும். டயர் தரையில் பதியும்போது வளைந்து கொடுக்கும். இதுவோ கையால் அழுத்தினாலும் விறைப்பாக நின்றது. ஆனால் ரப்பர் நல்ல கனம். அது குறையா நிறையா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

கடையில் காற்றை 110 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அடித்துக் கொடுத்திருந்தார்கள். பக்கச்சுவரில் அதிகபட்சம் 115 என்று போட்டிருந்ததால் அதுதான் சரி என்று நானும் நினைத்தேன். முதல் ஞாயிறு ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாகப் பாம்பன் பாலம் வரை போனேன். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் ஹேண்டில்பார் கையில் அடித்தது. நடுப்பாலத்தில் இறங்கி, தண்டவாளப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இரண்டு உள்ளங்கையும் மரத்துப் போயிருந்தன. திரும்பி வரும்போது டயரை மாற்றியே தீர வேண்டும் என்று தீர்மானம் செய்துவிட்டேன்.

நல்ல வேளை, பணம் இல்லை. அடுத்த வாரம் அதே சாலையில் 100 பிஎஸ்ஐ. அதற்கடுத்த வாரம் பின்னால் 90, முன்னால் 82. மூன்றாவது வாரம் வேறு சைக்கிளில் உட்கார்ந்தது போல இருந்தது! வேகம் குறையும் என்று எதிர்பார்த்தேன், சராசரி குறையவில்லை. யோசித்தால் காரணம் எளிது. நானும் வண்டியும் சேர்ந்து 82 கிலோ. பின்சக்கரத்தில் அதில் அறுபது விழுக்காடு என்று வைத்தால் 49 கிலோ. 110 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7.7 கிலோ. அப்படியென்றால் டயர் தரையைத் தொடுகிற இடம் ஆறே கால் சதுர சென்டிமீட்டர் சொச்சம்தான். 90-க்கு இறக்கினால் ஏழரைக்கு மேல் போகிறது. அந்தச் சின்னக் கூடுதல் போதும், சாலையின் சொரசொரப்பை டயரே விழுங்கிக்கொள்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் டயர் நம்மைத் தூக்கிப் போடுகிறது. தூக்குகிற வேலையும் நம் காலில் இருந்துதானே வர வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடியற்காலை 25 டிகிரியில் 90 அடித்த டயர், வெயிலில் நின்று 45 டிகிரிக்குச் சூடானால் 97 ஆகிவிடும். அதனால் காலையிலேயே விளிம்பு வரை அடிப்பதை விட்டுவிட்டேன். அதற்காக அடிக்காமலே விடவும் கூடாது. ஒருமுறை ஐந்து நாள் பம்பு தொடாமல் தேவிபட்டினம் சாலையில் கிளம்பினேன். ஜல்லி பெயர்ந்த குழியின் விளிம்பில் ஏறியதும் பின்டயர் போயிற்று. டியூபில் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி. காற்றுக் குறைந்த டயரில் டியூப் ரிம்முக்கும் குழிக்கும் நடுவே நசுங்கினால் இப்படித்தான் ஆகும். அதில் டயர் மேல் குற்றமில்லை.

ஆக 400 கிலோமீட்டர் வரை, மாற்றத் தேவையில்லை என்றே நோட்டில் எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம்தான் கருவை முள் வந்தது.

412 கிலோமீட்டர். கீழக்கரை தாண்டி ஏர்வாடிப் பக்கம். சாலையின் இரண்டு ஓரமும் சீமைக்கருவேலம்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த மரம், இன்றைக்கு நம் மாவட்டத்தில் அது இல்லாத வெளியே இல்லை. வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம், அதனால் அந்த மரத்தை வெறுமனே திட்டவும் எனக்கு மனம் வராது. ஆனால் விறகு ஏற்றிய டிராக்டர் போகிற வழியெல்லாம் சிம்பு உதிரும். ஓரத்தை ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்த வாரம் என்றால் இன்னும் மோசம். லாரிக்கு ஒதுங்கி வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓட்டுகிற சைக்கிள்காரனுக்குத்தான் அத்தனையும்.

பின்டயர் போயிற்று. டியூப் மாற்றினேன். நாலு கிலோமீட்டர் போனதும் மறுபடி போயிற்று. கையிலிருந்த ஒரே மாற்று டியூபும் தீர்ந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு ஒரு பஞ்சர் கடைக்கு வந்தேன். கடைக்காரர் பாய்க்கு அறுபது வயதிருக்கும். டியூபின் ஒல்லி வால்வைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம பம்பு சேராதே தம்பி" என்றார். என் பையில் பித்தளை அடாப்டர் இருந்ததால் பிழைத்தேன். ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்கள் அந்தக் குட்டி அடாப்டரை வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள்.

பாய் டியூபை ஒட்டும் முன்னால் டயரைத்தான் எடுத்தார். "ரெண்டு தடவையும் ஓட்டை எங்கே தம்பி?" என்று கேட்டார். பார்த்தால் இரண்டு டியூபிலும் வால்விலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். ஒரு பிடிப் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் மெதுவாக ஓட்டினார். முக்கால் சுற்று வழுக்கிக்கொண்டு போன பஞ்சு ஓரிடத்தில் நின்றது. ஒரு நூல் மட்டும் இழுபட்டது. அங்கே விரல் நகத்தை வைத்து, வெளிப்பக்கம் வளைத்துப் பிதுக்கி, குறட்டின் நுனியால் இழுத்தார். அரிசியில் பாதி நீளம் கூட இல்லாத கறுப்பு முனை. முள் ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் நின்றிருக்கிறது. விரலால் தடவியபோது எனக்கு அது அகப்படவே இல்லை.

"முழு முள்ளு தெரியும், எடுத்துப் போட்டுடலாம். ஒடிஞ்ச முள்ளுதான் ஆளைக் கவுக்கும்" என்றார். அன்றிலிருந்து என் பையில் ஒரு பிடிப் பஞ்சு இருக்கிறது. டயர் மாட்டும்போது பக்கச்சுவரில் உள்ள பெயர் எழுத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுகிறேன். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால், டயரில் முள் எங்கே என்று அந்த அடையாளம் சொல்லிவிடும்.

1,060 கிலோமீட்டர் ஆனபோது நோட்டில் ஆறு பஞ்சர். ஒன்று நசுங்கியது, ஐந்து முள். ஐந்தில் நான்கு பின்சக்கரம். பாரம் அதிகம் அங்கே. முன்சக்கரம் படுத்துக் கிடக்கும் முள்ளைப் புரட்டி நிமிர்த்திவிட, பின்சக்கரம் அதன் மேல் ஏறுகிறது என்பதும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அதற்குள் பின்டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்தது. கனமான ரப்பர் என்று நம்பியிருந்தேன். ரப்பர் கனத்தினால் முள் நிற்கவில்லை. அடியில் அடர்ந்த துணிப்பட்டை ஒன்று வேண்டும், அது இந்த டயரில் இல்லை.

மாற்றுவதற்கு முன்னால் மற்ற வழிகளையும் பார்த்தேன். டியூபே இல்லாத டியூப்லெஸ் நல்ல வழிதான், முள் போட்ட சின்ன ஓட்டையை உள்ளே ஊற்றிய திரவமே அடைத்துவிடும். என் ரிம் அதற்கேற்றது இல்லை. டியூபுக்குள் திரவம் ஊற்றலாம், ஆனால் ரோடு சைக்கிளின் அழுத்தத்தில் அது அடைவதற்கு முன் பீய்ச்சி வெளியே வந்துவிடுவதும் உண்டு. டயருக்கும் டியூபுக்கும் நடுவே லைனர் பட்டை வைப்பது மலிவு. ஒரு வாரம் வைத்து ஓட்டினேன். சக்கரம் கட்டையாக உருண்டது, எடுத்துவிட்டேன்.

அப்புறம் அகலம். 28சி போட ஆசை, சட்டத்தில் இடம் இருக்க வேண்டுமே. அளக்க ஆலன் கீ, அதாவது அறுகோணச் சாவி போதும். டயருக்கும் சட்டத்துக்கும் இடையே 6 மில்லிமீட்டர் கீ நுழைந்தது, பிரேக்குக்கு அடியில் 7 வரை போக இடம் இருந்தது. 25-இலிருந்து 28-க்குப் போனால் பக்கத்துக்கு ஒன்றரை, உயரத்தில் மூன்று மில்லிமீட்டர் ஏறும். மிச்சம் நாலு இருக்கும். மணல் ஒட்டி வந்தாலும் உரசாமல் இருக்க நாலு மில்லிமீட்டராவது வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஆர்டர் போடும் முன் இதை எல்லாரும் செய்துவிட வேண்டும். வாங்கிய பிறகு பிரேக்கில் உரசினால் அழுதும் பயனில்லை.

கான்டினென்டல் கேட்டர்ஸ்கின், 28சி, மடிக்கக்கூடிய வகை வாங்கினேன். வேகத்துக்குப் பெயர் போன டயர் அது இல்லை. அதே கம்பெனியின் கிராண்ட் பிரீ 5000 அதைவிட இலகுவாக உருளும். ஆனால் நடுவில் முள்தடுப்புப் பட்டையும், பக்கச்சுவரில் தனித் துணியும் இருப்பதால் இதை எடுத்தேன். பக்கச்சுவர் கிழிந்தால் கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் நடுவே எந்தக் கடையில் ஒட்டுவது? அதே மளிகைத் தராசில் ஒன்று 280 கிராம் சொச்சம். பின்டயர் மட்டும் மாற்றினால் பாதிச் செலவுதான் என்று தோன்றியது. ஆனால் ஓடும்போது முன்டயர் சட்டென்று போனால் விழ வாய்ப்பு அதிகம், பின்டயர் போனால் பெரும்பாலும் பிரேக் பிடித்து நிறுத்திவிடலாம். அதனால் இரண்டையும் மாற்றினேன்.

மாட்டுவதில் ஒரு மணி நேரம் போயிற்று. புது டயர் இறுக்கம். கடைசி ஒரு சாண் நீளம் ரிம்முக்குள் ஏற மறுத்தது. லிவர் வைத்து நெம்பினால் டியூப் கடிபடும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தைப் பிதுக்கி டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கி, சுற்றிலும் கிள்ளிக்கொண்டே வந்தால் வால்வுப் பக்கம் தளர்ச்சி கிடைக்கும். அப்புறம் கட்டைவிரலே போதும்.

சைக்கிள் மீட்டரில் சக்கரச் சுற்றளவை 2,105 மில்லிமீட்டரிலிருந்து 2,136-க்கு மாற்றினேன். மாற்றாவிட்டால் நூறு கிலோமீட்டர் ஓட்டியதை 98½ என்று காட்டும்.

இப்போது பின்னால் 76, முன்னால் 68 பிஎஸ்ஐ. பாம்பன் பாலத்து இணைப்புகளில் கை மரப்பதில்லை. இதில் பெரும்பங்கு அழுத்தத்தைக் குறைத்ததால் வந்த சுகம், அதைப் பழைய டயரிலேயே பார்த்துவிட்டேன். அகலம் அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்தது.

வேகம்? முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை, 2017-இல் திறந்த அந்த ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலையில் பழைய டயரோடு நாலு முறை, புதியதோடு நாலு முறை நேரம் பார்த்தேன். இரண்டு பக்கமும் கடல், நேர்ச்சாலை, இதைவிட நல்ல சோதனை இடம் கிடைக்காது என்று நினைத்தேன். ஆனால் காற்று விடவில்லை. வாடை அடித்த நாளுக்கும் கச்சான் அடித்த நாளுக்கும் ஒரே டயரிலேயே நாலு நிமிடம் வித்தியாசம். அதற்குள் டயரின் பங்கைப் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. வேகத்துக்காக மட்டும் டயர் மாற்ற நினைப்பவர்களுக்கு, இந்தக் கரையில் அந்த ஏழாயிரம் கண்ணில் தெரியாது என்றே சொல்வேன். அந்தச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் 28-உம் வழுக்கத்தான் செய்கிறது. அங்கே ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் தொடாமல் கடப்பதுதான் வழி.

பஞ்சர் கணக்கு மட்டும் தெளிவாக மாறியிருக்கிறது. புது டயரில் 880 கிலோமீட்டர், ஒரே ஒரு பஞ்சர். அதுவும் முள் இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் வெடித்த லாரி டயரிலிருந்து தெறித்த கம்பி இழை, தலைமுடி மாதிரி ஒன்று. நேராக நிற்கிற ஒரு அங்குலப் பச்சை முள் எந்த டயரையும் துளைக்கும், அதை நான் மறுக்கவில்லை. நம்மைப் படுத்துவது பெரும்பாலும் ஒடிந்த துண்டு முள்தான். பட்டை அதை நிறுத்திவிடுகிறது.

அலுவலகத்தில் ஒருவர் மகனுக்கு இதே மாதிரி வண்டி வாங்கிவிட்டு, உடனே டயர் மாற்றலாமா சார் என்று கேட்டார். தம்பி எங்கே ஓட்டுவான் என்று கேட்டேன். பட்டணங்காத்தானிலிருந்து பள்ளிக்கூடம், மாலையில் ஒரு சுற்று. அழுத்தத்தைக் குறைத்துக் கொடுத்து, ஒரு மாற்று டியூபும் அடாப்டரும் வாங்கித் தரச் சொன்னேன். பின்டயர் தேயட்டும், அப்போது பார்ப்போம்.

என் பழைய முன்டயர் இன்னும் நன்றாகவே இருக்கிறது. கம்பி வைத்தது, மடியாது, அதனால் பின்கட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. போன ஞாயிறு சாயல்குடி போய்விட்டு வந்து, முற்றத்தில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஊக்கு வைத்துப் புது டயர்களைத் துழாவினேன். ஏழு முள் நுனி. ஒன்றும் டியூபைத் தொடவில்லை. தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், ஏர்வாடிப் பக்கம் போகும்போது பாயிடம் காட்ட வேண்டும்.