நைக்ரோம் கம்பியும் காணாமல் போன அரை ஓமும்

மச்சான் இந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுக்கிறான். காவடிக்கு மேலே வைக்கும் மயிலை பாலிஸ்டைரீன் பலகையில் நானே வெட்டித் தருகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன். கத்தியால் வெட்டினால் மணி மணியாக உதிரும், சூட்டுக் கம்பிதான் சரி. 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வீட்டிலேயே இருந்தது. 0.4 மில்லிமீட்டர் நைக்ரோம் கம்பி (மின்சாரம் பாய்ந்தால் நன்றாகச் சூடேறும் நிக்கல்-குரோமியக் கலவை) வாங்கி, 40 சென்டிமீட்டரை மர வில்லில் கட்டினேன். ஒரு மாலை வேலை என்று நினைத்தது மூன்று வாரமாக இழுக்கிறது. காரணம், ஓர் அரை ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு).

அந்தக் கம்பி மீட்டருக்குச் சுமார் 8.7 ஓம். அப்படியானால் 40 சென்டிமீட்டருக்கு 3.5 வர வேண்டும். என் மல்டிமீட்டர் 4.1 காட்டியது. சரி, மலிவு மீட்டர், ஓம் பக்கத்தை நம்ப வேண்டாம், ஓடவிட்டே கணக்குப் போடுவோம் என்று முதலைக் கிளிப்புகளை மாட்டினேன். அடாப்டர் முனையில் 11.9 வோல்ட். மீட்டரைத் தொடரில், அதாவது மின்சாரம் அதன் வழியாகவே ஓடும்படி வைத்தால் 2.9 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் 4.1 ஓம்! இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? கம்பி சொன்ன அளவைவிட மெலிசு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே முடிவு கட்டினேன்.

கோலாலம்பூரில் செந்தூல் தீமோரில் ரயில் ஏறினால் மாறாமல் புடுவில் இறங்கலாம். அங்கிருந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ஜாலான் பசார் தெருவுக்கு நடந்து போய், வேறொரு கடையில் இன்னொரு சுருள் வாங்கினேன். அதற்கும் 4.1. (கம்பி வாங்கப் போனவன் பை நிறைய வேறு சாமான்களோடு திரும்பியதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தது. அது இங்கே வேண்டாம்.)

இதற்கிடையில் ஒரு கூத்து. மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு, மறந்துபோய் அப்படியே வோல்ட் பார்க்க அடாப்டரில் குத்திவிட்டேன், அது நேரடி ஷார்ட். அடாப்டர் விளக்கு சிமிட்டியது, உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம். நல்ல வேளை, தன்னைத்தானே காத்துக்கொள்ளும் ரகம். இப்போது அந்தத் துளையின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமா வந்தார். வயர்மேன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோட்டில் இருந்த கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வோல்ட்ட எங்கய்யா குத்தி எடுத்த?"

"அடாப்டர் வாயிலதான் மாமா."

"கம்பியிலல்ல குத்தணும்? சூடாவறது கம்பியா, அடாப்டரா?"

ஓடிக்கொண்டிருந்த கம்பியின் இரு முனையிலும் இன்னொரு மீட்டரால் குத்தினேன். 10.3 வோல்ட். 10.3-ஐ 2.9-ஆல் வகுத்தால் 3.55. கம்பி ஒழுங்காகத்தான் இருக்கிறது. சூட்டில் நைக்ரோமின் தடை கொஞ்சம்தான் ஏறும், அதற்கும் இது ஒத்துப்போகிறது. மிச்சம் 1.6 வோல்ட் எங்கே போனது? கிளிப்பைத் தொட்டேன், விரலைச் சட்டென்று எடுத்தேன். 1.6 பெருக்கல் 2.9, கிட்டத்தட்ட 4.6 வாட். அவ்வளவும் மீட்டரின் நூல் போன்ற வயர்களிலும் கிளிப்பிலும்தான் எரிந்துகொண்டிருந்தது. கிளிப்பின் சிவப்பு உறை இளகி ஒரு பக்கம் சரிந்தே விட்டது.

ஓம் பக்கத்தில் பார்த்தபோதும் அதே வயர்கள்தான். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் மீட்டர் 0.5 காட்டுகிறது! இதை முதல் நாளே செய்திருக்கலாம். இரண்டு கணக்கிலும் ஒரே திருடன் புகுந்திருந்தான், அதனால்தான் விடை அவ்வளவு அழகாக ஒத்துப்போனது. ஜாலான் பசாரின் முதல் கடைக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கிளிப்பை ஒழிப்பதுதான் அடுத்த வேலை. நைக்ரோமில் ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். அதனால் இரண்டு பக்கமும் பித்தளை போல்ட், இரண்டு வாஷருக்கு நடுவே கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். வயர், வீட்டு விளக்குக்கு இழுக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர். ஆம்பியர் பார்க்க மீட்டரை நடுவில் போடாமல் 0.1 ஓம், 5 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து அதன் மேல் வோல்ட் பார்க்கிறேன். 0.32 வோல்ட் என்றால், 0.1-ஆல் வகுத்து 3.2 ஆம்பியர். ரெசிஸ்டரே 5 சதவீதம் முன்பின் இருக்கும், போகட்டும். கம்பியில் இப்போது 11.4 வோல்ட், அதாவது 3.56 ஓம், 36 வாட்டுக்கு மேல்.

திருடனைப் பிடித்ததும் கம்பிக்கு வெறி பிடித்துவிட்டது. விளக்கை அணைத்தால் மங்கலாகச் சிவக்கிறது. பாலிஸ்டைரீன் பக்கத்தில் போகுமுன்பே பின்வாங்குகிறது, வெட்டு விரல் அகலத்துக்குப் பிளக்கிறது, நாற்றம் வேறு (ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பாமல் செய்யாதீர்கள்). வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் மாட்யூல் போட்டு 7.1 வோல்ட்டுக்கு இறக்கினேன். 2 ஆம்பியர், 14 வாட். இப்போது வெண்ணெயில் போவது போல் போகிறது. கம்பியில் 2 ஆம்பியர் ஓடும்போது அடாப்டரிலிருந்து 1.3 ஆம்பியர்கூட இழுக்கவில்லை என்று பார்த்ததும் ஒரு நிமிடம் மறுபடி மீட்டரைத் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: மாட்யூல் வோல்ட்டைக் குறைக்கிறது, வாட் ஏறக்குறைய அப்படியே.

தோகைக்கு ஒரு மீட்டர் வில் வேண்டும். அதற்கு 8.9 ஓம் என்று வைத்தால் 12 வோல்ட்டில் 1.35 ஆம்பியர்தான், போதாது. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் அலமாரியில் கிடக்கிறது, 2.1 ஆம்பியர் வரும், 40 வாட். சூட்டில் கம்பி நீண்டு தொய்யும் என்பதால் ஒரு முனையில் ஸ்பிரிங் வேண்டும், அதற்கு மறுபடி ஒரு புடு பயணம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மயிலின் தலையும் கழுத்தும் முடிந்துவிட்டன, மூக்கு மட்டும் கொக்கு போல வந்திருக்கிறது. மச்சானுக்குப் படம் அனுப்பவில்லை.