சிவப்புப் புள்ளி இல்லாத ரோடு

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்காயில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய்வரலாம் என்று யாராவது ஆசைப்பட்டால், மழை, டயர், பெட்ரோல் எல்லாம் அப்புறம்தான். முதலில் பார்க்க வேண்டியது, அந்த ரோட்டில் யார் யார் வீடு இருக்கிறது என்பதை.

தோட்டத்தை விட்டு வெளியேறிய எங்கள் ஆட்கள் பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங் என்று பழைய ரோடு நெடுகக் குடியேறிவிட்டார்கள். ஒரு வீட்டைத் தாண்டிப் போனது தெரிந்தால் தொலைந்தோம். "வாசல் வழியாவே போறான், எட்டிப் பார்க்கல" என்று ஆரம்பித்து, நாம் வராமல் போன காதுகுத்து வரைக்கும் கணக்கு எடுப்பார்கள். சரி, நின்றுவிட்டுப் போகலாம் என்றால் அது அதைவிட மோசம். பெரிய மக் நிறைய மைலோ, அதாவது சாக்லேட் பானம் வரும். மறுத்தால் 'சீனி பத்தலையா?' என்று இன்னும் ரெண்டு கரண்டி விழும். அதற்குள் உள்ளே அரிசி களைகிற சத்தம் கேட்கும். வயிற்றில் மூன்று வீட்டு மைலோவோடு ஒரு கொண்டை ஊசி வளைவில் மோட்டாரைச் சாய்த்துப் பார்த்தால்தான் அந்த வேதனை புரியும்.

இதற்கு ஒரு முடிவு கட்டியே தீருவேன் என்று கிளம்பியவன் என் மச்சான். யமஹா ஒய்15 மோட்டார் வைத்திருக்கிறான். வளைவு ரோடு என்றால் உயிர். பேராக், பகாங், சிலாங்கூர் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து, சொந்தக்காரர் வீடு இருக்கும் இடமெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தான். ரோட்டோர ஒட்டுக்கடை மேசையில் அதை விரித்தபோது, தே தாரேக் டீயை இழுத்து ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்து மிரண்டுவிட்டார்.

"இவ்வளவு இடத்துலயா சம்மன் கேமரா வெச்சிருக்கான்?"

"கேமரா இல்லண்ணே. அத்தை, சித்தி, பெரியம்மா."

முதலில் பிரேசர் மலையைப் பேசினோம். கோல குபு பாருவில் இருந்து அணைக்கட்டு ஓரமாக ஏறி கேப் என்ற கணவாய் வரைக்கும் போகும் 55ஆம் எண் ரோடு, காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிற நல்ல ரோடு. 1951இல் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து சுட்டது அந்த ரோட்டில்தான். மச்சானுக்கு அதெல்லாம் பயமில்லை. ஆனால் சிலிம் ரிவரில் இரண்டு புள்ளி, தஞ்சோங் மாலிமில் மூன்று, கோல குபு பாருவில் அவனுடைய வருங்கால மாமனார். பேசாமல் வரைபடத்தை மேல்பக்கம் திருப்பினான்.

மிஞ்சியது கேமரன் மலை. தாப்பாவில் இருந்து 59ஆம் எண் பழைய ரோட்டில் ஏறி, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் தாண்டி, சிம்பாங் பூலாய் பக்கம் இறங்கலாம். அந்தப் பக்கம் ரோடு அகலம், வளைவும் சாவகாசமாக இருக்கும். இறங்கிய பிறகு கோப்பேங், கம்பார் புள்ளிகளுக்குப் பயந்து ஹைவேயில் வருவது என்று முடிவானது. மோட்டாருக்கு டோல் கிடையாது, ஆனால் வளைவும் கிடையாது. "நேர் ரோட்டுல வர்றதுக்கா இவ்வளவு பிளானு?" என்று மச்சானே நொந்துகொண்டான்.

அந்த மலையை 1885இல் அளக்கப் போன வில்லியம் கேமரன், தான் பார்த்த இடத்தை வரைபடத்தில் குறிக்காமலேயே விட்டுவிட்டார் என்பார்கள். காரணம் எனக்குத் தெரியும் என்றான் மச்சான். அவருக்கும் பெரியம்மா இருந்திருப்பார்.

மேலே எங்களுக்கு ஒரே ஒரு புள்ளிதான், ரிங்லெட் பெரியம்மா. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு ரோட்டு ஓரத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டும்போது மட்டும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு, முன்னால் போகும் லோரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதாகத் திட்டம்.

வார நாளாகப் பார்த்து இருட்டோடு கிளம்பினோம். ஜாக்கெட்டை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுக்கொண்டோம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், ஆனால் நெஞ்சில் குளிர்காற்று ஏறாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. பீடோர் தாண்டும்வரை செம்பனை மரங்களுக்கு நடுவே பனி. லோரியில் இருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்கள் ரோட்டில் கிடந்தன. சக்கரம் ஏறினால் எண்ணெய் பிதுங்கி வழுக்கும், ஆகவே அங்கே வீரம் காட்டவில்லை.

தாப்பாவைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மச்சானைக் காணவில்லை. என்னுடையது பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5. அதற்கு ஒரு மரியாதை உண்டு. வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, கண்ணை வளைவு முடிகிற இடத்தில் வைத்தால், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். வளைவு நடுவில் பிரேக்கைப் பிடித்தால்தான் கோபித்துக்கொள்ளும். மறைவான திருப்பங்களில் எதிரே வரும் காய்கறி லோரி ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கும். அது கடந்து போன பிறகும் பிரேக் சூடான வாடை கொஞ்ச தூரம் கூடவே வரும். இடையில் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லிக்காரர்கள் பெத்தாய் என்ற காட்டு அவரையும் தேனும் விற்கும் பலகைக் குடில்கள். லாத்தா இஸ்கண்டார் அருவியில்தான் மச்சானைப் பிடித்தேன், பாறையில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

ரிங்லெட் நெருங்கியதும் கண்ணாடியை இறக்கினோம். முன்னால் லோரியும் இருந்தது. எல்லாம் திட்டப்படிதான். ஆனால் பெரியம்மா ரோட்டு ஓரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். லோரிக்கு வழிவிட்டார், எங்களுக்குக் குடையை நீட்டினார்.

"வாங்கடா. என் வீட்டுக்கும் சிவப்புப் புள்ளி வெச்சீங்களாமே?"

ஒட்டுக்கடை அண்ணன் எங்கள் அம்மாவிடம் சொல்லி, அம்மா முதல் நாளே பெரியம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். உள்ளே மைலோ ஏற்கெனவே ஆறிக்கொண்டிருந்தது. மச்சான் ஒரே மடக்கில் குடித்து முடித்தான். வேகமாகக் குடித்தால் சீக்கிரம் கிளம்பலாம் என்று நினைத்திருக்கிறான். 'பாவம், பிள்ளைக்குத் தாகம்' என்று இன்னொரு மக் வந்தது. கிளம்பும்போது அம்மாவுக்கு முட்டைக்கோஸ், அத்தைக்குத் தேயிலை, கோப்பேங் சித்திக்கு ஒரு பை சாயோத்தே, அதாவது சவ்சவ். ஒய்15இல் சாமான் வைக்க இடமில்லை. எல்லாம் என் முன் கூடையில் ஏறியது. கோப்பேங் பை ஏறிய அந்த நிமிஷமே எங்கள் ஹைவே திட்டமும் முடிந்தது.

பிரிஞ்சாங்கில் சிங்கப்பூர் நம்பர் போட்ட பெரிய மோட்டார்கள் வரிசையாக நின்றன. அதில் ஒரு தமிழ்த் தம்பி என் முட்டைக்கோஸைப் பார்த்துச் சிரித்தபடி வந்தான். "அண்ணே, தாப்பா பக்கமா இறங்கப் போறோம். வழியில நல்ல டீ எங்க கிடைக்கும்?"

"ரிங்லெட்டுல ரோட்டோரமா ஒரு அம்மா குடையோட நிப்பாங்க. எங்க பேரைச் சொல்லுங்க."

ராத்திரி பெரியம்மா போன் பண்ணினார். "அருமையான பிள்ளைங்கடா. சோறு சாப்பிட்டுட்டுத்தான் போனாங்க. மக்கைக் கழுவிக் கவுத்துக்கூட வெச்சாங்க. நீங்க ரெண்டு பேரும் அப்படியே வெச்சுட்டுத்தானே ஓடுனீங்க?"