பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு: கொக்கிலிருந்து தொடங்குங்கள்

பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்காக, இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் நான் ஏற்றிய பட்டியல்கள் ஒரு கேள்வியும் எழாமல் தேறிவிட்டன. பதிவுகளைச் சரிபார்ப்பவரிடமிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வருமோ என்று தவித்த மனம் இப்போதுதான் அடங்கியிருக்கிறது. அடுத்த முறை புதிதாக இறங்குகிறவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் கொக்குகளைப் படியுங்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். புதியவர்கள் மீன்கொத்தி, பனங்காடை என்று வண்ணத்தின் பின்னால் ஓடுகிறார்கள். வண்ணம் கண்ணைச் சோம்பேறியாக்கிவிடும். கொக்குக் கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளை. அலகையும் காலையும் கழுத்தையும் பார்த்தே தீர வேண்டும். அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் மற்றப் பறவைகள் எளிதில் பிடிபடும்.

கோவை சிங்காநல்லூர் குளக்கரையில் மார்கழிக் காலைகளில் நான் படித்த பாடம் இது:

- சின்னக் கொக்கு: அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். சேற்றில் ஒரு காலை நடுங்கவிட்டு இரையைக் கிளப்பும். காலைத் தூக்கும் நொடியில் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.
- உண்ணிக்கொக்கு: குட்டையான மஞ்சள் அலகு. மாடு மேயும் இடத்தில் தேடுங்கள்.
- பெரிய கொக்கு: வாய்க்கோடு (அலகின் பிளவிலிருந்து நீளும் கோடு) கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். தொலைவில் பிரித்தறிய முடியாவிட்டால் பொதுவாகக் கொக்கு என்றே பதியுங்கள், அதற்கு இடமுண்டு.
- மடையான்: அமர்ந்தால் மண் நிறம், பறந்தால் வெள்ளை.

நடந்துகொண்டே எண்ணுவது எனக்கு ஒத்துவராது. ஒரே இடத்தில் உட்கார்ந்து, 15 நிமிடத்துக்கு ஒரு பட்டியலாகப் போட்டேன். ஆள் அசையாதிருந்தால் தாழைக்கோழிகூட ஆகாயத்தாமரையை விட்டு வெளியே வரும். குழுவாகப் போய்ப் பேசிக்கொண்டே பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியை அப்படியே நம்பாதீர்கள். கரிச்சான் குருவி, வைரி என்ற வேட்டைப் பறவையின் குரலில் கத்தும்! கண்ணால் பார்த்த பிறகு பதியுங்கள்.

இருநோக்கி 8×42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) போதும். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். வாங்க வசதியில்லையா? வீட்டு முருங்கையில் தேன்சிட்டும் தையல்சிட்டும் சின்னானும் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

பிப்ரவரியில் உலகளாவிய பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. வலசை வந்த வாலாட்டிகள் அப்போதும் இங்கேதான் இருக்கும். அதற்குள் கொக்குகளை முடித்துவிடுங்கள்.