தவணை தவறாதவனுக்கும் 706: வீட்டுக் கடனுக்கு முன் கார்டு பாக்கியை இறக்கியது

கேரளத்தில், பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் வீடு கட்ட லோன் என்றாலே எல்லாரும் காகிதத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆதாரம் (கிரயப் பத்திரம்) இருக்கா, முன்னாதாரம் (அதற்கு முந்தைய பத்திரம்) இருக்கா, இடம் நம் கைவசம் என்கிற பொசஷன் சர்டிபிகேட் வாங்கியாச்சா, டேட்டா பேங்க் என்கிற அரசாங்க நெல்வயல் பட்டியலில் இடம் கிடக்கிறதா? எங்கள் அஞ்சு சென்ட்டுக்கு இதெல்லாம் சுத்தமாக இருந்தது. நின்றது சிபிலில், அதாவது கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பார்த்துப் போடும் மார்க்கில். 300-இலிருந்து 900 வரை போகும் அந்த அளவுகோலில் எனக்கு 706.

பேங்க் மேனேஜர் ஒற்றப்பாலத்துக்காரர், நல்ல மனுஷன். ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு, "லோன் கிட்டும் சாரே. பட்சே ஸ்கோர் கொறச்சுகூடி கேறட்டே, பலிசை கொறயும்" என்றார். ஸ்கோர் இன்னும் கொஞ்சம் ஏறட்டும், வட்டி குறையும் என்று அர்த்தம். வட்டி எவ்வளவு குறையும் என்று அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன். 30 லட்சம், 20 வருஷம்: 9 சதவீதத்தில் மாதத் தவணை 26,992 ரூபாய், 8.5 சதவீதத்தில் 26,035. மாதம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 20 வருஷத்தில் இரண்டே கால் லட்சத்துக்கு மேல். 2019 அக்டோபருக்குப் பிறகு வரும் ஃப்ளோட்டிங் (வட்டி ஏறி இறங்கும்) வீட்டுக் கடனுக்கெல்லாம் வங்கிகள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) மாதிரி ஒரு வெளி விகிதத்தை அடிப்படையாக வைத்துத்தான் வட்டி போடுகின்றன. அதற்கு மேலே ஏற்றுகிற பங்கில் நம் ஸ்கோர் பேசும். காத்திருப்பது என்று முடிவு செய்தோம்.

இத்தனைக்கும் நான் ஒரு பில்லிலும் தேதி தவறியவன் இல்லை. அம்மாவுக்குக் கோயமுத்தூரில் முட்டி ஆபரேஷன். இன்ஷூரன்ஸ் போக மீதி கார்டில் போனது. அதன் பிறகு மாதாமாதம் மினிமம் டியூவும் (பில்லில் கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) அதற்கு மேல் கையில் இருப்பதும் கட்டி வந்தேன். ரிப்போர்ட்டை இறக்கிப் பார்த்தால் 36 மாதக் கட்டங்களிலும் தாமத நாள் பூஜ்யம்தான். (ரிப்போர்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலுமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்பது வெறும் புரளி.)

பிறகு எங்கே அடி? லிமிட்டில் எவ்வளவு தின்றிருக்கிறோம் என்பதில். என்னிடம் மூன்று கார்டு. முதலாவதில் லிமிட் 1,50,000, பாக்கி 1,38,000. இரண்டாவதில் 80,000-க்கு 41,000. மூன்றாவது பொள்ளாச்சியில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய பழைய கார்டு, 60,000 லிமிட், பாக்கி எதுவும் இல்லை. மொத்தம் 2,90,000-இல் 1,79,000, அதாவது 62 சதவீதம். 30-க்குள் இருந்தால் நல்லது என்று பேங்க்காரர்கள் வாய்க்கணக்காகச் சொல்வார்கள். முதல் கார்டு மட்டும் தனியாக 92. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, கழுத்து வரை கடனில் நிற்கிறவன் இன்னொரு கடன் கேட்கிற மாதிரிதானே தெரியும்?

மினிமம் டியூவை நம்பி ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பாருங்கள். மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்கு 3,500, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 630. நான் ஐயாயிரம் கட்டினால் அசலில் 870 ரூபாய்தான் இறங்கும். பாக்கி சுமக்கும் கார்டில் புதிதாக அரிசி பருப்பு வாங்கினால் அதற்கும் வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். வட்டியில்லா நாள் என்கிற சலுகையெல்லாம் முழுசாகக் கட்டுகிறவனுக்குத்தான்.

கார்டு கம்பெனியிலிருந்து பாக்கியை இஎம்ஐ ஆக்கித் தருகிறோம் என்று விடாமல் போன் வந்தது. வட்டி குறையும், வாஸ்தவம். ஆனால் கட்டாத அசல் லிமிட்டை அடைத்துக்கொண்டேதான் கிடக்கும். எனக்கு வேண்டியது லிமிட் காலியாவது. மனைவி, "ஏனுங்க, நகையை வெச்சுக் கட்டிரலாமுங்க" என்றாள். கார்டு வட்டியோடு பார்த்தால் நகைக் கடன் வட்டி ஒன்றுமே இல்லை. சாதாரண நேரமாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் நகைக் கடனும் ரிப்போர்ட்டில் ஏறும். வீட்டுக் கடன் கேட்கப் போகும் வேளையில் புதிதாக ஒரு கடன் வரி எதற்கு?

அவள் பேரில் கேஎஸ்எஃப்இ சிட்டி ஒன்று, அதாவது கேரள அரசாங்கக் கம்பெனி நடத்தும் ஏலச்சீட்டு, ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு வேலைக்கென்று வைத்திருந்த ஒன்றரை லட்சம் சிட்டி. அதை ஏலத்தில் விளித்து எடுத்தோம். தள்ளுபடி போகக் கைக்கு வந்தது 1,20,000. முப்பதாயிரம் போயிற்றே என்று மாமனாருக்கு இன்றும் ஆதங்கம். போன தள்ளுபடியில் எல்லாச் சிட்டாளர்களுக்கும் வருவது போல நமக்கும் கொஞ்சம் டிவிடெண்டாகத் திரும்பும், மிச்சம் கார்டு வட்டியில் ஏழெட்டு மாதத்தில் கரைந்திருக்கும் என்று எழுதியே காட்டினேன். ஒப்புக்கொள்ளவில்லை. ஜாமீனுக்கு என் சம்பளச் சர்டிபிகேட். பணம் வந்த அன்றே அப்படியே முதல் கார்டில் கட்டினேன், பாக்கி 18,000. கஞ்சிக்கோடு கம்பெனியில் ஓணத்துக்குக் கிடைத்த போனஸில் முப்பதாயிரம் இரண்டாவது கார்டுக்கு. ஆக மொத்தம் 29,000 பாக்கி, சரியாகப் பத்து சதவீதம்.

இங்கே மச்சானோடு ஒரு வாக்குவாதம். "சும்மா கெடக்குற அந்த மூணாவது கார்டை ஏன் வெச்சிருக்கீங்க மாமா, கேன்சல் பண்ணிருங்க, நல்ல பேர் வரும்" என்றான். நியாயமாகத்தான் படும். ஆனால் அதை மூடியிருந்தால் மொத்த லிமிட் 2,30,000 ஆகச் சுருங்கி, பழைய 1,79,000 பாக்கி ஒரே நாளில் 78 சதவீதமாகத் தெரிந்திருக்கும். அதோடு என்னிடம் இருப்பதிலேயே வயசான கணக்கு அதுதான். ஆண்டுக் கட்டணமும் கிடையாது. அதை விட்டுவைத்துப் பெட்ரோலுக்கு மட்டும் உபயோகித்தேன். பெட்ரோல் எப்படியும் கோபாலபுரம் தாண்டி தமிழ்நாட்டு பங்க்கில்தான் போடுவோம், விலை குறைவு.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். முதல் கார்டில் 18-ஆம் தேதி ஸ்டேட்மெண்ட் விழும், கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் ஆறு, ஏழு வாக்கில். ஆறாம் தேதி முழுசாகக் கட்டுகிறவனுக்கும் 18-ஆம் தேதி விழுந்த பெரிய தொகை ரிப்போர்ட்டில் போய் உட்காரலாம். 2025 ஜனவரியில் வந்த விதிப்படி வங்கிகள் மாதத்துக்கு இரண்டு தடவை, 15-ஆம் தேதி நிலவரமும் மாதக் கடைசி நிலவரமும் அனுப்ப வேண்டியிருந்தது. அதனால் பில்லுக்குக் காத்திராமல், 12, 13 வாக்கிலும் 27, 28 வாக்கிலும் கையில் இருப்பதை ஆப்பில் கட்டிவிடுவேன். ஸ்டேட்மெண்ட் விழும்போது இரண்டாயிரம், மூவாயிரம்தான் நிற்கும். சம்பளத் தேதியோடு ஒட்டவில்லை என்றால் பில்லிங் தேதியை மாற்றிக் கேட்கவும் உரிமை உண்டு. இரண்டாவது கார்டுக்கு அப்படி மாற்றிக்கொண்டேன்.

ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்ததில் வேறு இரண்டு சங்கதி கிடைத்தது. ஃப்ரிட்ஜ் வாங்கிய ஒரு சின்னக் கடன், எப்போதோ அடைத்தது, 1,140 ரூபாய் பாக்கியோடு இன்னும் திறந்தே கிடந்தது. அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேர் என்னைப் பந்து மாதிரி உருட்டியது. கடன் முடிந்ததற்கான என்ஓசி பீரோவில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. சிபில் தளத்தில் டிஸ்ப்யூட் (பதிவு தப்பு என்கிற புகார்) போட்டேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு என்று விதி இருக்கிறது என்பதைக் கம்பெனிக்கு அனுப்பிய மெயிலிலும் எழுதினேன். கணக்கு மூடப்பட்டது.

இன்னொன்று, பெரியப்பா மகனின் கார் லோனுக்கு நான் போட்ட ஜாமீன் கையெழுத்து. அதுவும் என் ரிப்போர்ட்டில் ஜாமீன்தாரர் என்று தனி வரியாக நிற்கிறது. அண்ணன் ஒழுங்காகக் கட்டுகிறார், பிரச்சினை இல்லை. நம் பக்கத்தில் ஜாமீன் கையெழுத்தை மொய் எழுதுகிற மாதிரி போட்டுவிடுவோம். அவர் தவறினால் என் பெயரில்தான் விழும் என்பதால், அதன் பிறகு மாதம் ஒரு தடவை "கட்டியாச்சாண்ணா?" என்று கேட்கிறேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான்.

லோன் ஏஜென்ட் ஒருவர் நாலு பேங்கில் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கலாம் என்றார். நாமே பார்ப்பது போலல்ல, பேங்க் பார்ப்பது ஒவ்வொன்றும் தனித்தனி என்கொயரியாகப் பதிவாகி ஸ்கோரை இறக்கலாம், வேண்டாம் என்றுவிட்டேன்.

பாக்கி இறங்கி இரண்டு மூன்று சுற்று ரிப்போர்ட் போன பிறகு பார்த்தபோது 771. எனக்கு ஏறின மாதிரி எல்லாருக்கும் ஏறும் என்று சொல்லமாட்டேன். தவணை தவறியவர்களுக்கும், பேரம் பேசி செட்டில் செய்தவர்களுக்கும் வருஷக்கணக்கில் ஆகும். எனக்குக் கட்டிய வரலாறு சுத்தமாக இருந்ததால், பாக்கி இறங்கினதும் ஸ்கோரும் ஏறியது.

மேனேஜர் இந்தத் தடவை பொள்ளாச்சி பழைய வாடகை வீட்டு முகவரி ரிப்போர்ட்டில் ஏன் இருக்கிறது என்று மட்டும் கேட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டார். வட்டி அரை சதவீதம் குறைவாகவே சாங்ஷன் ஆனது. பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். அஸ்திவாரம் முடிந்தது, லிண்டல் முடிந்தது, மெயின் வார்ப்புக்கான (கூரை கான்கிரீட்) தவணை இன்னும் வரவில்லை. ஒவ்வொரு தவணைக்கு முன்னாலும் பேங்க் திரும்ப ரிப்போர்ட் எடுத்துப் பார்க்கக்கூடும். போன வாரம் சித்தூரில் டைல்ஸ் கடைக்காரர், "கார்டு தேய்ச்சா ரெண்டு பர்சென்ட் தள்ளுபடி சாரே" என்றார். அட்வான்ஸுக்குச் செக் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.