பிர்ஸ்: பன்றியின் முதுகில் பிறந்த கோபம்

எடின்பரோவில் தறிகெட்டுக் கத்துகிறவனை 'ராட்ஜ்' என்பார்கள். ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழியில் கோபத்துக்குச் சொல் கேட்டால் பலரும் அதைத்தான் சொல்வார்கள். என் மனசுக்கு நெருக்கமானது வேறொன்று: பிர்ஸ். ஒருவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறினால் அவருடைய பிர்ஸ் எழுந்துவிட்டது என்பது அங்குள்ள பேச்சு வழக்கு.

பிர்ஸ் என்றால் முதலில் கோபமே இல்லை, பன்றியின் முரட்டு ரோமம். பழைய ஆங்கிலத்தின் 'பிர்ஸ்ட்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழியின் 'போர்ஸ்டே' இதற்கு உறவு. சீண்டப்பட்ட காட்டுப்பன்றிக்கு முதுகெலும்பு நெடுக ரோமம் சிலிர்த்து நிற்கும். ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு சின்னத் தசை உண்டு. அட்ரினலின் பாய்ந்ததும் அது சுருங்கி ரோமத்தை நிமிர்த்துகிறது. அதைப் பார்த்த யாரோ மனிதனின் சினத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். கோபத்தை மனசுக்குள் தேடாமல் தோலின் மேல் கண்டுபிடித்த அந்தக் கண்ணை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நான் தோல் பைகளைக் கையால் தைப்பவள். அதனால் இந்த ரோமத்தின் இன்னொரு வாழ்க்கையையும் சொல்லியாக வேண்டும். பழைய செருப்புத் தொழிலாளிகள் நூலின் நுனியில் ஊசிக்குப் பதில் பிர்ஸைத்தான் கட்டினார்கள். ரோமத்தின் ஒரு முனையைப் பிளந்து, மெழுகு தடவி மெலிதாக்கிய நூலை அதில் முறுக்கிச் சேர்ப்பார்கள். வளைந்த குத்தூசி தோலில் போடும் துளையும் வளைந்தே இருக்கும். நேரான இரும்பு ஊசி அதில் முட்டி நிற்கும். பிர்ஸ் வளைந்து கொடுத்து மறுபக்கம் வந்துவிடும்.

ஸ்காட்லாந்தின் எல்லைப்புற ஊரான செல்கர்க்கின் செருப்புத் தொழிலாளிகளுக்கு 'சூட்டர்' என்று பெயர். தைப்பவனைக் குறிக்கும் லத்தீன் 'சூட்டோர்'தான் மூலம். அந்த ஊர் ஒருவருக்கு நகர உரிமை கொடுத்துக் கௌரவிக்கும்போது, பிர்ஸை ஒயினில் நனைத்து அவர் வாயில் வைத்து இழுக்க வேண்டும். தொழிலாளி ரோமத்தை உதட்டில் ஈரமாக்கும் செய்கை அப்படியே சடங்காகிவிட்டது.

ஜான் ஜேமிசனின் ஸ்காட்ஸ் அகராதி 1808இல் வந்தது. 1931இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் தேசிய அகராதி முடிய 1976 ஆயிற்று, பத்துத் தொகுதிகள். இப்போது இணையத்தில் இலவசமாகவே தேடலாம். பிர்ஸ் என்ற பதிவை எடுத்துப் பாருங்கள். ரோமமும் தாடியும் கோபமும் ஒரே சொல்லுக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன. ராட்ஜைப் போல இதுவும் தெருவில் மறுபடி புழங்க வேண்டும் என்பது என் ஆசை.