ஆணுக்கும் உண்டு புரோலாக்டின்

குழந்தை தள்ளிப் போனதும் ஸ்கேன், கருக்குழாய்ப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் என் மனைவிக்குத்தான். எதிலும் குறையில்லை என்று வந்த பிறகுதான் எனக்கு விந்தணுப் பரிசோதனை எழுதினார்கள். மில்லிலிட்டருக்கு 30 லட்சம் அணுக்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லையே 1 கோடியே 60 லட்சம்.

உறவினர்கள் லேகியமும் முருங்கைப் பிசினும் சொன்னார்கள். ஒரு கிளினிக்கில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கிறது, ஊசி போட்டால் ஏறிவிடும் என்றார்கள். நல்லவேளை, அதற்குமுன் ஹார்மோன் மருத்துவரைப் பார்த்துவிட்டேன். ஊசி போட்டிருந்தால் இருந்ததும் போயிருக்கும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரப்பதைக் குறைத்துவிடும், அந்த இரண்டின் தூண்டுதல் இல்லாமல் விதைப்பையில் அணு உற்பத்தி நடக்காது. ஆண்களுக்கான கருத்தடையாகவே இந்த ஊசியை ஆராய்ந்திருக்கிறார்கள். பிள்ளை வேண்டி வருபவனுக்கு இதையா எழுதுவது?

ஹார்மோன் மருத்துவர் கேட்ட கேள்விகளே வேறாக இருந்தன. தாடி முன்போல் வளர்கிறதா? ஆசை குறைந்திருக்கிறதா? தலைவலி உண்டா? வாந்திக்கோ மனநலத்துக்கோ மாத்திரை எடுக்கிறீர்களா? காலை வேளையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் புரோலாக்டின் பல மடங்கு அதிகம். தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் எனக்கெதற்கு என்று விழித்தேன். ஆணுக்கும் சிறிதளவு உண்டாம், கூடினால் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் அமுக்கிவிடும். மறுபடி சோதித்தும் குறையாததால் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். பிட்யூட்டரியில் 7 மில்லிமீட்டர் கட்டி, அதுதான் புரோலாக்டினை அளவுக்கு மீறிச் சுரந்திருக்கிறது.

கட்டி என்றதும் அம்மா சாப்பாட்டையே விட்டுவிட்டார். புற்றுநோய் இல்லை, பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கும் என்று மருத்துவர் சொன்னதை வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

மாத்திரையின் பெயர் கேபர்கோலின், வாரம் இரண்டு முறை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின். தொடக்கத்தில் குமட்டல், சட்டென்று எழுந்தால் தலைசுற்றல். இந்த மாத்திரையால் சூதாட்டத்திலோ செலவிலோ திடீர் வெறி வந்தால் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று மனைவியிடமும் எச்சரித்திருந்தார். புரோலாக்டின் சில வாரங்களிலேயே இறங்கியது. அணுக்கள் அப்படியில்லை, ஓர் அணு உருவாகவே ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். அடுத்தடுத்த பரிசோதனைகளில் மெல்ல ஏறி இப்போது எல்லையைத் தாண்டியிருக்கிறது. மனைவிக்கு ஐந்தாம் மாதம். மாத்திரையை நிறுத்துவது பற்றி, குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆன பிறகே பேசலாம் என்கிறார் மருத்துவர்.